விளக்கறையில் ஒரு கறுப்புத் துணி

மார்ச் 4, செவ்வாய்

மன்னித்துக்கொள், இவ்வளவு நேரம் கழித்து உன்னைத் திறக்கிறேன். மணி பன்னிரண்டேகால். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதி முடித்த பிறகுதான் தோன்றுகிறது. நோட்டுப் புத்தகத்துக்கு என்ன தூக்கமா கெடப் போகிறது? நாள் முழுக்க கேட்டுக் கேட்டு நாக்கு பழகிவிட்டது. காலையில் லேபுக்குப் பத்து நிமிடம் தாமதம், அங்கே ஒன்று. மாலையில் வீட்டுக்கு அரை மணி தாமதம், இங்கே ஒன்று. பூச்சியிடம் தனியாக, காதோடு, ஒன்று.

பூச்சி என் மகள். எட்டு மாதம். இப்போதுதான் கண் மூடினாள். அத்தை அடுத்த அறையில். பூச்சியின் அப்பா நடுக்கடலில், கப்பல் இன்ஜினுக்குப் பக்கத்தில். ஆகஸ்டில்தான் இறங்குவார்.

சாப்பிடும்போது அத்தை கேட்டார், "அப்படி அந்த ரூம்ல என்னதான் பண்ற?"

சூரிய மின்தகடு செய்கிறோம் என்றேன். கூரைமேல் வைக்கிற கனமான தகடு இல்லை. கண்ணாடிமேல் மை மாதிரி பூசுகிற வகை. அந்தப் பூச்சு தலைமுடி தடிமனில் எண்ணூறில் ஒரு பங்குதான் இருக்கும். வெளிச்சம் பட்டால் மின்சாரம் தரும்.

"சரி, அதுல உன் வேலை?"

"லைட்டுக்கு அடியில வெச்சு, எத்தனை நாள்ல கெட்டுப்போகுதுன்னு பாக்கறது."

அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "வெயில்ல வைக்கறதுக்குன்னே செஞ்ச சாமான் வெளிச்சம் பட்டா கெட்டுப்போயிருமா? நல்லா இருக்கே உங்க வியாபாரம். நனைஞ்சா கரையற குடை விக்கற மாதிரி!"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பல நாளுக்குப் பிறகு ஒரே நேரத்தில் சிரித்தோம். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு அவரவர் வழி.

மார்ச் 6, வியாழன்

இன்று பால் நூறு மில்லிகூட வரவில்லை. காலையில் அறுபது, மதியம் முப்பது. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கூடிவிடுமா என்ன? தூக்கிப் பார்த்தேன்.

பால் எடுக்க லேபில் இடமில்லை. கழிப்பறையில் எடுக்க மனம் வரவில்லை. ஒரே ஒரு அறைதான் யாரும் அதிகம் வராத அறை, விளக்கறை. ஆயிரம் மணி நேரச் சோதனை அங்கேதான் ஓடுகிறது. பிப்ரவரி பத்தாம் தேதி நானே ஏற்றி வைத்தது. நைட்ரஜன் நிரப்பிய பெட்டி, அதற்குக் கண்ணாடி மூடி, உள்ளே அந்த மை பூசிய பதினாறு செல், மேலே இரவு பகல் அணையாத வெள்ளை விளக்கு. காற்றும் ஈரமும் உள்ளே போகாது. அவற்றை முதுமையாக்குவது வெளிச்சம் ஒன்றுதான்.

அந்த அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது, பாதுகாப்பு விதி. கதவின் நடுவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி. விளக்கு எரிந்தால் நடைபாதையில் போகிற எவருக்கும் உள்ளே இருப்பது நாடக மேடை மாதிரி தெரியும். முதல் நாள் திகைத்து நின்றபோதுதான் ஆணியில் தொங்கிய கறுப்புத் துணியைப் பார்த்தேன். பெட்டியின் மூடிக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. ஒரு மூலையில் மஞ்சள் தலை வைத்த பெரிய ஊக்கு. விளக்குக் கூட்டின் வாய் கீழ்ப்பக்கம் மட்டும்தான் திறந்திருக்கும், அதற்கும் பெட்டிக்கும் நடுவில் விரித்தேன். அறை கும்மிருட்டு. கதவுக் கண்ணாடியும் கறுப்பு. சுவரோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து பதினொரு மணிக்கு இருபது நிமிடம், மூன்று மணிக்கு இருபது நிமிடம். பால் எடுக்கிற பம்ப் 'கிர்ர்' என்று முனகும். உலகத்தில் எனக்கென்று இருக்கிற இடம் அவ்வளவுதான்.

செல்களுக்கு நாற்பது நிமிடம் வெளிச்சம் குறைகிறதே என்று உறுத்தல் இல்லாமல் இல்லை. ஒரு நாளில் நூற்றுக்கு மூன்று பங்குகூட வராது. கடைசியில் மொத்த மணிக்கணக்கில் கழித்துவிட்டால் போச்சு. எங்கள் கலவை ஒரு தடவை கெட்டால் இருட்டில் வைத்தாலும் தேறாது என்று எங்கள் குழுவே எழுதியிருக்கிறது.

பதிவேட்டில் குறிக்கவில்லை. என்னவென்று குறிப்பேன்?

மார்ச் 9, ஞாயிறு

வீட்டை விட்டு வெளியே இறங்கவில்லை. அத்தையும் நானும் மொத்தம் பதினைந்து வார்த்தை பேசியிருப்போம். அதில் பத்து பூச்சியின் பேதியைப் பற்றி.

மார்ச் 12, புதன்

லேபின் தலைவர், எங்கள் சார், இன்று என் கணினித் திரையைப் பார்த்தபடி பின்னால் வந்து நின்றார். என் மேஜைக்கு வருகிற ஆளே இல்லை அவர்.

எழுநூறு மணி தாண்டியாச்சு. முதல் இருநூறு மணியில் எல்லாச் செல்லும் சறுக்கும், அது எப்போதும் உள்ளதுதான். புது வெளிச்சத்தின் முதல் அடி. அதற்கப்புறம் சறுக்கு நிதானமாகும். என்னுடையது நிதானமாகி, அப்படியே நிற்கிறது. தொடங்கிய நாளில் நூறு என்றால் இன்று எண்பத்தொன்பது.

"இது ரெக்கார்டு மேடம் போட்ட கோடு மாதிரியே போகுதே!" என்றார்.

ரெக்கார்டு மேடம் யார் என்று எல்லாருக்கும் தெரியும், பார்த்தவர்கள்தான் குறைவு. ஐந்து வருடத்துக்கு முன் இதே கலவையை இதே விளக்கின் கீழ் ஆயிரம் மணி நேரம் வைத்து எண்பத்தெட்டு எடுத்தவர். அதற்குப் பிறகு இரண்டு பேர் முயன்று எழுபத்தொன்பதைத் தாண்டவில்லை.

"கை சுத்தம்னா இதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார் சார்.

என் கான்ட்ராக்ட் ஜூன் முப்பதோடு முடிகிறது. நீட்டிப்புக் கடிதம் எழுத வேண்டியவர் அவர்தான். மூன்று மணிக்கு இருட்டில் உட்கார்ந்திருந்தபோது அந்த இரண்டு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். கை சுத்தம். கை சுத்தம். எண்பது மில்லி வந்தது!

மார்ச் 17, திங்கள்

கப்பலிலிருந்து அவருடைய குரல் செய்தி வந்தது, இரண்டு நாள் பழசு. பின்னால் இன்ஜின் இரைச்சல். "தூங்கினியா? சாப்பிட்டியா? பூச்சி பேசறாளா? சரி, அப்பறம்…" அதோடு அறுந்துவிட்டது.

அப்பறம் என்ன? பதினோரு தடவை கேட்டேன்.

மார்ச் 24, திங்கள்

ஆயிரம் மணி. எண்பத்தேழு!

சார் கேக் வரவழைத்தார். வெட்டும்போது, "கான்ட்ராக்ட் பத்திக் கவலைப்படாதீங்க. ரெண்டு வருஷத்துக்கு எழுதறேன்" என்றார். வாயில் கேக் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். இல்லாவிட்டால் அழுதிருப்பேன்.

ரெக்கார்டு மேடம் ஏன் போனார் என்று அப்போதுதான் கேட்டேன்.

"அடுத்த வருஷம் அதையே திரும்பப் பண்ணச் சொன்னேன். எழுபத்தொன்பதுதான் வந்தது. கைக்குழந்தைக்காரி, முதல் தடவ எப்படியோ சமாளிச்சாங்க, அப்பறம் கவனம் போயிருச்சு. கவனம் இல்லாதவங்களை வெச்சுக்க முடியுமா?" என்றவர், என்னைப் பார்த்து அவசரமாக, "உங்களைச் சொல்லலை. நீங்க வேற மாதிரி" என்றார்.

நான் வேற மாதிரி. சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக நெருட ஆரம்பித்தது.

மார்ச் 26, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

அறிக்கைக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். கருவி ஆறு மணிக்கு ஒரு தரம் செல்களை அளக்கும். நள்ளிரவு, காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு. வழக்கமாக ஒரு நாளின் நாலு புள்ளியையும் சேர்த்துச் சராசரியாக்கி, வழுவழு கோடாகத்தான் போடுவோம். இன்று சராசரி எடுக்காமல் எல்லாப் புள்ளியையும் அப்படியே போட்டுப் பார்த்தேன்.

கோடு ரம்பம் மாதிரி இருந்தது. நண்பகல் புள்ளி மேலே, மாலைப் புள்ளியும் மேலே, நள்ளிரவுக்குள் கீழே. ஐந்து பல், அப்புறம் இரண்டு நாள் பல்லே இல்லாமல் நேராக ஒரு சறுக்கு. மறுபடி ஐந்து பல்.

செல்லுக்குச் சனி ஞாயிறு தெரியுமா?

தெரியாது. எனக்குத் தெரியும்.

பிப்ரவரி இருபத்தாறு, புதன்கிழமை. வார நாள்தான், ஆனால் பல் இல்லை. காலண்டரைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பூச்சிக்குக் காய்ச்சல், நான் லீவு.

மார்ச் 27, வியாழன்

என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன் நான்! ஆறு வாரம். துணியைப் போட்டா வயசு ஏறாம நிக்கும், அவ்வளவுதான்னு நினைச்சேன். இருட்டு அதுங்களைத் தேத்திவிடும்னு யாருக்குத் தெரியும்? வெளிச்சத்துல பூச்சுக்குள்ள மின்னூட்டம் சிக்கிச் சிக்கி அடைச்சுக்குது. இருபது நிமிஷம் இருட்டு கிடைச்சா சிக்கினது கொஞ்சம் விடுபடுது. தினம் ரெண்டு தரம். அடைப்பு முத்தறதுக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா எடுத்துவிட்டுட்டே இருந்திருக்கேன். எண்பத்தேழு என் கை சுத்தம் இல்ல. என் துணி.

விளக்கில் ஒளி அளக்கும் உணரி ஒன்று இருக்கிறது. அது விளக்கின் கூட்டுக்குள்ளேயே, துணிக்கு மேலே. அது பாட்டுக்கு 'எல்லாம் சரி, எல்லாம் சரி' என்று எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

சார் அறிக்கையை வெள்ளிக்கிழமை கேட்டிருக்கிறார். படம் இன்னும் முடியலை சார் என்று சொல்லி வைத்தேன். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை.

மார்ச் 28, வெள்ளி

ரெக்கார்டு மேடத்தின் பழைய கோப்பைத் திறந்தேன். ஏன் திறந்தேன்? நான் மட்டும்தானா என்று பார்க்கத்தான்.

கட்டுரையில் வந்த வழுவழு கோடு இல்லை, மூல எண்கள். ஆறு மணிக்கு ஒரு புள்ளி.

ஐந்து பல், இரண்டு நாள் சறுக்கு. ஐந்து பல், இரண்டு நாள் சறுக்கு.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். அடுத்த வருடக் கோப்பு, எழுபத்தொன்பது வந்தது, கவனம் போயிற்று என்றார்களே அது. ஒரு பல்கூட இல்லை. சுத்தமான, நேரான சறுக்கு. குழந்தைக்கு ஒன்றரை வயது ஆகியிருக்கும். பால் குடி மறந்திருக்கும். துணிக்கு வேலை இல்லை.

விளக்கறைக்கு ஓடிப் போய் அந்தத் துணியை எடுத்துப் பார்த்தேன். ஆறு வாரமாகத் தினம் இரண்டு தரம் தொட்ட துணி. மஞ்சள் தலை ஊக்கு. பெட்டிக்கு எதற்கு இப்படி ஒரு ஊக்கு? இதே மாதிரி ஆறு, பூச்சியின் பெட்டியில் கிடக்கிறது. இடுப்புத் துணிக்குக் குத்துவது.

கதவு திறந்தது. நெற்றிக்கண். விளக்கு, பம்பு, குழாய் எல்லாம் பார்க்கும் டெக்னீஷியன். மூக்குக்கண்ணாடியை எப்போதும் நெற்றியில்தான் வைத்திருப்பார், அதனால் அந்தப் பெயர்.

"அண்ணா, இந்தத் துணி யாருது?"

கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். "உங்களுக்கு முன்னாடி இருந்தாங்களே, அந்த மேடம் தைச்சது. அவங்களும் இங்கதான் உக்காருவாங்க."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? பதினொரு மணிக்கு இந்த வழியா எவனாவது வந்தா டியூப்லைட் மாத்தறேன், ஏணி இருக்கு, சுத்திப் போங்கன்னுவேன். நல்லா இருக்கற டியூபை எத்தனை தரம்தான் கழட்டி மாட்டறது? ஒருநாள் சாரே வந்துட்டாரு. 'என்னப்பா, இந்த ஒரு டியூப் மட்டும் தினம் சாகுதா?'ன்னாரு."

"எனக்கும் அப்படிப் பண்ணினீங்களா?"

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

ஆறு வாரமாக அந்த நடைபாதையில் ஏணி கிடக்கிறது. எத்தனை தரம் முணுமுணுத்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறேன்!

மார்ச் 30, ஞாயிறு

பூச்சி தவழ ஆரம்பித்துவிட்டாள், பின்பக்கமாக. பொம்மையை நோக்கிக் கிளம்பி, பொம்மையை விட்டுத் தள்ளித் தள்ளிப் போய், கட்டிலுக்கடியில் மாட்டிக்கொண்டு அழுகிறாள். என் கதை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன? கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன், இங்கே யாரும் இல்லையே. எண்பத்தேழு நிற்கும். இரண்டு வருட வேலை நிற்கும். மூல எண்ணை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. ஐந்து வருடமாக ரெக்கார்டு மேடத்துடையதை யாரும் திறக்கவில்லையே.

சொன்னால்? ஆறு வாரம் வீண். கவனம் இல்லாதவள். பதிவேட்டில் எழுதாமல் சோதனையில் கை வைத்தவள். லேபின் பெருமையான எண்பத்தெட்டும் என்னோடு சேர்ந்து கவிழும். மேடம் கேட்கவே கேட்காத ஒரு விஷயத்தை நான் போய் அம்பலப்படுத்தியதாக ஆகும். இருட்டில் உட்கார்ந்து பால் எடுத்ததை எல்லார் முன்னாலும்—

ஆனால் அந்த எழுபத்தொன்பது சரியான எண். அவர் தப்பே செய்யவில்லை. ஒரு தடவை துணி போட்டார், ஒரு தடவை போடவில்லை, இரண்டு தடவையும் கை சுத்தமாகத்தான் பூசியிருக்கிறார். தான் எதில் தவறினோம் என்று அவர் எத்தனை இரவு யோசித்திருப்பார்? பதில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அத்தையிடம் சொல்லலாமா என்று சமையலறை வாசல் வரை போனேன். "என்ன, பசிக்குதா?" என்றார். "ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

சார் மேஜையில் என் படத்தையும் மேடத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். காரணத்தைச் சொன்னேன். 'பால் எடுப்பதற்காக' என்ற வார்த்தை வருகிற இடத்தில் குரல் உள்ளே போய்விட்டது, திரும்பச் சொல்ல வேண்டி வந்தது.

"இன்னிக்கு ஏப்ரல் ஒண்ணுன்னு வெளையாடறீங்களா?" என்றார் சார்.

இல்லை என்றேன்.

"ஆறு வாரம்! நைட்ரஜன் எவ்வளவு, விளக்கோட ஆயுசு எவ்வளவு, தெரியுமா? ஒரு வரி, பதிவேட்டுல ஒரு வரி எழுதியிருந்தா போதாதா?"

"எழுத வெக்கமா இருந்தது சார்."

அவர் பேனாவைத் திறந்து மூடினார், திறந்து மூடினார். பிறகு அந்தப் பழைய படத்தை இழுத்து வைத்துக்கொண்டார். பல்லை ஒவ்வொன்றாகப் பேனா நுனியால் எண்ணினார். எண்ணி முடித்ததும், "நீங்க போங்க" என்றார்.

இருக்கையில் வந்து உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு விளக்கறைக்குப் போகவில்லை. மார்பு கல்லாகக் கனத்தது. ரவிக்கை நனைந்து, மேலே கோட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் அத்தை கதவைத் திறந்தார். முகத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். பூச்சியைக் கையில் கொடுத்தார். அவள் குடித்தாள். நான் அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன், விளக்கு, துணி, ஊக்கு, கான்ட்ராக்ட்.

அத்தை பூச்சியின் வாயைத் துடைத்துவிட்டு, "ஏன்டி, இத்தனை நாளா இருட்டுலயா உக்காந்து எடுத்த? நான் ஏதோ ஏசி ரூம்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றார்.

முதல் தடவையாக என்னை 'டி' போட்டார்.

ஏப்ரல் 3, வியாழன்

சார் கூப்பிடவில்லை. நான் போகவில்லை. லேபில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் மேஜைமேல் ஒரு சீட்டு, சாரின் கையெழுத்து. 'புது செல் பதினாறு. எட்டுக்குத் துணி, அதே நேரம், அதே இருபது நிமிடம். எட்டுக்குத் துணி இல்லை. ஐநூறு மணி. ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் எழுதவும்.' கடைசி வரியின் கீழே இரண்டு கோடு.

திட்டினதா, நம்பினதா? இரண்டும்தான் போலிருக்கிறது.

துணியைப் பாதியாக மடித்தேன். ஊக்கு இருக்கும் பக்கம் மேலே.

விளக்கறைக் கதவுக் கண்ணாடியில் உள்பக்கமாகத் தடித்த பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. நாலு ஓரத்திலும் டேப், பிசிறில்லாமல். நெற்றிக்கண் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

"இதை அஞ்சு வருஷம் முன்னாடியே பண்ணியிருக்கணும்மா. டியூப் மாத்தற புத்தி இருந்தது, தாள் ஒட்டற புத்தி இல்ல" என்றார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பகல் பதினொன்று: துணி போட்டேன். பதினொன்று இருபது: எடுத்தேன். பதிவேட்டில் எழுதினேன். இங்கேயும் எழுதுகிறேன்.

ஏப்ரல் 21, திங்கள்

பூச்சி மூன்று நாளாகத் தலையைத் திருப்பிக்கொள்கிறாள். கிண்ணத்தில் கொடுத்தால் இரண்டு கையாலும் பிடுங்குகிறாள். "அவளுக்குப் போதும்னு ஆயிருச்சு, விடு" என்றார் அத்தை. குறையாக இல்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

பம்பைக் கழுவி, துடைத்து, பெட்டியில் வைத்தேன். விடுதலை என்றுதானே நினைத்திருந்தேன். பதினொரு மணிக்கு வழக்கம் போல் விளக்கறைக்குப் போனேன். எட்டுக்கு மட்டும் துணி, மற்ற எட்டின்மேல் விளக்கு எரிகிறது, அறை முழுக்க வெளிச்சம். செய்வதற்கு ஒன்றுமில்லாமல் இருபது நிமிடம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பம்பின் அந்த முனகல்கூட இல்லை.

அந்த மேடமும் இப்படி ஒரு நாள் உட்கார்ந்திருப்பாரா? துணியை ஆணியில் மாட்டிவிட்டுப் போன நாள்?

ஏப்ரல் 28, திங்கள்

ஐநூறு மணி. துணி போட்ட எட்டும் தொண்ணூற்றொன்று. போடாத எட்டும் எண்பத்துமூன்று.

ஒரு கோட்டில் பல். ஒரு கோட்டில் சறுக்கு. சின்னப் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லும்.

சாரிடம் கொண்டுபோய் வைத்தேன். நிறைய நேரம் பார்த்தார். "நம்ம கலவை இருட்டுல தேறாதுன்னு எழுதினது நான்தான். ஒரே ஒரு தரம், கெட்டதை எடுத்துப் பத்து மணி நேரம் இருட்டுல வெச்சுப் பாத்துட்டு எழுதினேன்" என்றார். என்னிடம் சொல்கிற மாதிரி இல்லை. "கெட்டு முடிஞ்சதுக்கு அப்பறம் இருட்டு குடுத்துப் பிரயோஜனம் இல்ல. நடுநடுவுல குடுக்கணும். அதை யாரும் பாக்கலை."

வெளியே வரும்போது கூப்பிட்டார்.

"அவங்க விலாசம் ஆபீஸ்ல இருக்கும். நீங்களே எழுதுங்க. நான் எழுதினா அவங்க திறக்கவே மாட்டாங்க."

ஏப்ரல் 30, புதன்

கான்ட்ராக்ட் வந்தது. நாலு மாதம், அக்டோபர் வரை. இரண்டு வருடம் இல்லை. காரணம் என்ற இடத்தில் 'சோதனையை முடிப்பதற்காக' என்று இருக்கிறது. பதிவேட்டுக்கான தண்டனையும் அதற்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போட்டேன்.

நெற்றிக்கண்ணிடம் கேட்டேன். அந்த மேடம் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் உதவியாளராக இருக்கிறாராம்.

மே 2, வெள்ளி

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். நாலு தரம் எழுதி நாலு தரம் கிழித்தேன். காலையில் இதை அப்படியே பார்த்து அனுப்பப் போகிறேன். ஒரு நகல் உன்னிடமும் இருக்கட்டும்.

அக்கா,

அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. நாம் சந்தித்ததில்லை. நீங்கள் இருந்த லேபில், உங்கள் மேஜைக்கு அடுத்த மேஜையில் நான் இருக்கிறேன். எனக்குப் பத்து மாதத்தில் ஒரு மகள்.

விளக்கறை ஆணியில் நீங்கள் விட்டுப்போன கறுப்புத் துணியை எதற்கென்று தெரியாமலே நானும் அதற்கேதான் பயன்படுத்தினேன். அதனால் எனக்கும் எண்பத்தேழு வந்தது. பிறகு அதே துணியைப் பாதிக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். இரண்டு படத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அவற்றைப் பாருங்கள், மற்றதைப் பிறகு படிக்கலாம்.

உங்கள் எண்பத்தெட்டு சரி. உங்கள் எழுபத்தொன்பதும் சரி. இரண்டாவது தடவை நீங்கள் எதிலும் தவறவில்லை. துணி போட வேண்டிய அவசியம் உங்களுக்கு இருக்கவில்லை, அவ்வளவுதான். சாருக்கும் இது தெரியும். கவனம் போயிற்று என்று சொன்னவர் இப்போது வேறு மாதிரி சொல்கிறார், ஆனால் அதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது.

இதைக் கட்டுரையாக எழுதுகிறோம். உங்கள் பெயர் முதலில் வர வேண்டும் என்று கேட்டேன், சார் சரி என்றுவிட்டார். ஆனால் துணியைப் பற்றி எழுதாமல் இதை எழுத முடியாது. எதற்காகப் போட்டீர்கள் என்பதை எழுதலாமா, வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் 'குறுகிய இருட்டு இடைவேளை' என்று மட்டும் போட்டுவிடுகிறேன். என்னைப் பற்றியதை எழுதிவிட்டேன். எனக்கு வெட்கம் போய்விட்டது, ஏறக்குறைய.

இன்னும் ஒன்று. கட்டுரைக்கு இல்லை, எனக்காகக் கேட்கிறேன். உங்கள் நாலாவது வாரத்தில் ஒரு வியாழக்கிழமை மட்டும் பல் இல்லை. அந்தப் படத்தில் அந்த ஒரு நாளைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். எனக்கும் அப்படி ஒரு புதன்கிழமை இருக்கிறது, அன்று மகளுக்குக் காய்ச்சல். உங்களுக்கு அன்று என்ன? குழந்தை இப்போது எப்படி இருக்கிறது?

ஊக்கு துருப்பிடிக்கவில்லை, பத்திரமாக இருக்கிறது. வேண்டுமென்றால் அனுப்புகிறேன். ஆனால் வைத்துக்கொள்ளத்தான் ஆசை.

தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.